ஜெர்மனியில் படிப்பு முடித்து ஸ்டார்ட்அப் வேலை தேடும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

மூன்று வார விடுமுறையில் மதுரைக்கு வந்திருக்கிறேன். செல்லூர் வீட்டில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எதிர்வீட்டுச் சித்தி போனும் கையுமாக வந்துவிட்டார். அவர் மகன் ஜெர்மனியில் எம்.எஸ். முடித்து நான்கு மாதம் ஆகிறதாம். இருநூறு கம்பெனிக்கு மேல் விண்ணப்பம் போட்டும் ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. "ஏத்தா, நீ அங்கதான இருக்க, அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லேன். பேங்க்ல வட்டி ஏறிக்கிட்டே இருக்கு" என்றார்.

அன்று இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து போய் இதே இடத்தில் நிற்கிற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கிறது. அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேரமாக நின்று வாடகையைச் சமாளித்துக்கொண்டே தேடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. தம்பிக்கு இன்னும் முக்கால்வாசி நேரம் கையில் இருக்கிறது. அவன் மாற்ற வேண்டியது தேடுகிற முறையைத்தான்.

ஒரே சி.வி.யை இருநூறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறான். பெரிய கம்பெனிக்கு அது சரிப்பட்டு வரலாம். பத்துப் பதினைந்து பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்புக்குச் சரிவராது. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் தீபாவளி நெருங்கும்போது புதுப் பையன்களைச் சேர்ப்பார்கள், பார்த்திருப்பீர்கள். யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கூட்டம் நெரியும்போது பதறாமல் சேலையை எடுத்துப் போடுகிறானா, கேட்ட நிறத்தை ஞாபகம் வைத்திருக்கிறானா, பிரித்ததை மடித்து வைக்கிறானா என்று முதலாளி கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். பண்டிகை முடிந்ததும் இரண்டு பேரிடம் மட்டும் "நீ பொங்கல் வரைக்கும் இருப்பா" என்பார். அந்த இருவரும் அப்புறம் வருசக்கணக்கில் அங்கேயே இருப்பார்கள். சின்ன ஸ்டார்ட்அப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆள் எடுக்கிறது. பதினைந்து பேரில் ஒருவர் சரியில்லை என்றால் அந்தச் சுமையை மற்ற பதினாலு பேரும் தூக்க வேண்டும். அதனால், வேலை செய்து தாங்கள் கண்ணால் பார்த்த ஆளைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் இதை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். வெர்க்ஸ்டுடென்ட் என்று அங்கே ஒரு வேலைமுறை உண்டு. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, உங்கள் துறையிலேயே, சம்பளத்தோடு வேலை பார்க்கலாம். இரண்டாம் செமஸ்டரில் இதில் நுழைந்து, அதே இடத்திலேயே மாஸ்டர்ஸ் ஆய்வையும் செய்து முடித்தவர்களுக்குப் பட்டம் வாங்கிய பிறகு வேலை தேடும் அவதி பெரும்பாலும் வருவதில்லை. நான் கண்ட அளவில் இதைவிட நல்ல வழி கிடையாது. நம் பிள்ளைகள் பலர் முதல் வருசம் மார்க்கு, இரண்டாம் வருசம் வேலை என்று பிரித்துவைத்து ஏமாந்து போகிறார்கள்.

எங்கே தேடுவது? உங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தொடங்குங்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து கம்பெனி தொடங்குபவர்களுக்கு எக்ஸிஸ்ட் என்ற அரசுத் திட்டத்தின் மூலம் உதவித்தொகை கிடைக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பெரிய பல்கலைக்கழகத்திலும் தொழில் தொடங்குவோருக்கு ஒரு மையம் இருக்கும். மியூனிக்கில் 2011-இல் தொடங்கி உலக அளவுக்கு வளர்ந்த செலோனிஸ்கூட மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் ஆரம்பித்ததுதான். அந்த மையம் நடத்தும் மாலைக் கூட்டங்களுக்குப் போங்கள். முதல் தடவை யாரிடமும் பேச வராது. பரவாயில்லை, மறுபடியும் போங்கள்.

எனக்கு முதல் வேலை கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பெர்லினில் ஒரு சின்னக் கம்பெனியின் ஆப்பில் பதிவு செய்யப் போனேன். குடும்பப் பெயர் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் அது ஏற்கவில்லை. எரிச்சலோடு மூடிவைக்கத்தான் போனேன். அப்புறம் யோசித்து, எங்கே தடுக்கிறது, தென்னிந்தியர்களுக்கு ஏன் இப்படிப் பெயர் இருக்கிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று பத்து வரியில் எழுதி நிறுவனருக்கே அனுப்பினேன். கடைசி வரியில் மட்டும், பகுதி நேர வேலை தேடுகிறேன் என்று போட்டேன். மறுநாளே பதில் வந்தது. நல்ல சி.வி. ஒன்று என்னிடம் முன்பே இருந்தது, அதை மூன்று மாதமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பத்து வரியைப் படித்தார்கள்.

தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். இருநூறு வேண்டாம், மாதத்துக்கு எட்டுக் கம்பெனி போதும். ஒவ்வொன்றின் பொருளையும் பயன்படுத்திப் பார். அவர்களுக்கு எது இடிக்கிறது, நீ அதில் என்ன செய்ய முடியும் என்று எழுது. சி.வி.யிலிருந்து அப்பா பெயர், வீட்டு முகவரி, "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடு. நேர்காணலில் தெரியாததைத் தெரியாது என்று சொல், அதை எப்படித் தெரிந்துகொள்வாய் என்பதையும் சேர்த்துச் சொல். நம் கல்லூரிகளில் தெரியாது என்று சொன்னால் மார்க்கு போகும், அங்கே அது நம்பிக்கையைத்தான் கூட்டும்.

ஜெர்மன் மொழி பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். பெர்லினில் ஆங்கிலத்திலேயே நடக்கும் ஸ்டார்ட்அப்கள் நிறைய. ஆனால் உள்ளூர் மருத்துவமனைக்கோ தொழிற்சாலைக்கோ பொருள் விற்கிறவர்களுக்கு ஜெர்மன் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். மொழித் தேர்வில் நடுத்தர நிலையான பி1 வரைக்குமாவது படித்துவிடுங்கள்.

இனி, வேலை கிடைத்த பிறகு. கையெழுத்துப் போடும் முன் அந்தக் கம்பெனியை நீங்கள் விசாரிக்க வேண்டும். பெண் கொடுக்கும் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் கேட்போமே, அது மாதிரி. ஜெர்மனியில் ஒவ்வொரு கம்பெனி இணையதளத்திலும் இம்ப்ரெசும் என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். சட்டப்பூர்வமான பெயரும் பதிவு எண்ணும் நிர்வாக இயக்குநர் பெயரும் அதில் கிடைக்கும். பெயரின் கடைசியில் ஜிஎம்பிஹெச் என்றிருந்தால் குறைந்தது 25,000 யூரோ மூலதனத்தில் பதிவான கம்பெனி. யு.ஜி. என்றிருந்தால் ஒரு யூரோவில்கூடத் தொடங்கியிருக்கலாம். யு.ஜி. என்றாலே மோசம் என்று நினைக்க வேண்டாம், ஆனால் கூடுதலாக இரண்டு கேள்வி கேளுங்கள். வணிகப் பதிவேட்டை 2022 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். "இப்போதுள்ள பணம் எத்தனை மாதத்துக்கு வரும்?" என்று நிறுவனரிடமே கேளுங்கள். இது மரியாதைக் குறைவில்லை. இதற்கு முகம் சுளிப்பவரிடம் சேர வேண்டாம்.

சம்பளத்தில் உங்கள் விசாவும் அடங்கியிருக்கிறது. பட்டதாரிகள் அங்கே வேலை பார்த்துத் தங்குவதற்கான அனுமதிதான் புளூ கார்டு. அதை வாங்க 2026-இல் பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு வருடத்துக்கு 50,700 யூரோ. பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் ஐ.டி. போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் சுமார் 45,934 யூரோ. ஒவ்வொரு ஜனவரியிலும் இது மாறும். உறுதியான சம்பளம் மட்டும்தான் கணக்கில் வரும். "நாற்பதாயிரமும் கம்பெனியில் பங்கும் தருகிறோம்" என்றால் அந்தப் பங்கைக் காட்டிப் புளூ கார்டு வாங்க முடியாது. பல இடங்களில் அது நிஜப் பங்குகூட இல்லை, கம்பெனி விற்கப்பட்டால் மட்டும் பணமாகும் வாக்குறுதி. வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். வீட்டுக்குக் கடன் தவணை அனுப்புவதாக வாக்குக் கொடுக்கும் முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னும் படிப்பு விசாவில் இருப்பவர்களிடம், "சம்பளமாகத் தர முடியாது, நீயே பில் போட்டு அனுப்பு" என்று சில சின்னக் கம்பெனிகள் கேட்கும். அப்படிப் பில் போட்டால் அது சுயதொழில். வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் மாணவர்கள் சுயதொழில் செய்யக் கூடாது. மாட்டிக்கொள்வது நீங்கள்தான். "ஒரு மாதம் சும்மா செய்து காட்டு" என்பவரிடமும் போகாதீர்கள். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, வெர்க்ஸ்டுடென்டுக்கும் அதுதான்.

எனக்கு ஒன்று நடந்தது. இரண்டாவதாகச் சேர்ந்த ஸ்டார்ட்அப்பில் ஐந்தாம் மாதம் சம்பளம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். ஏழாம் மாதம் திவாலானதாக அறிவித்தார்கள். அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் சொல்லவில்லை. பிறகு கூட வேலை பார்த்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும்: கம்பெனி திவாலானால் அதற்கு முந்தைய மூன்று மாதம் வரையிலான சம்பளத்தை வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுக்கும், இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தேன், பணம் வந்தது. வேலை போய்விட்டால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். பயந்து மறைத்தால்தான் சிக்கல். வெளியேறும்போது எழுத்தில் பணிச்சான்று கேட்பது உங்கள் உரிமை, கம்பெனி கலைவதற்குள் வாங்கிவிடுங்கள்.

சித்தியிடமும் தனியாக ஒன்று சொன்னேன். வேலை கிடைத்ததும் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் சோதனைக் காலம். அதில் இரண்டு வார அவகாசத்தில் அவர்களும் அனுப்பலாம், இவனும் விலகலாம். அதனால் அந்த ஆறு மாதம் பெண் பார்க்கும் பேச்சையும் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தையும் அவன் தலையில் வைக்காதீர்கள் என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "வட்டிய நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிடவா?" என்று கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன்.

தம்பி நேற்று மூன்று கம்பெனிக்கு எழுதிய கடிதங்களை அனுப்பியிருந்தான். இரண்டில் முதல் பத்தி முழுக்க அவனைப் பற்றியே இருந்தது, வெட்டச் சொன்னேன். மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் மதுரையில்தான் இருப்பேன். எந்த ஊரில் என்ன படித்தீர்கள், அனுமதி எதுவரை இருக்கிறது என்று எழுதி, நீங்கள் அனுப்பப்போகும் கடிதத்தையும் கீழே போடுங்கள். ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தித் தருகிறேன்.