திறந்தவெளி மரபு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: பழங்கால வீடுகளையும் கைவினைக் கூடங்களையும் கொண்ட திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கிறேன். அங்கு நிற்பவை உண்மையான பழைய வீடுகளா, மாதிரிகளா? அரை நாள் போதுமா?

பதில் 1: இரண்டும் இருக்கக்கூடும். இவ்வகையின் முன்னோடி, ஆர்தர் ஹசீலியஸ் 1891இல் ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென் ஆகும். நாட்டின் பல பகுதிகளிலிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பினார்கள். மர வீடுகளை இடம் மாற்றும்போது ஒவ்வொரு உத்தரத்துக்கும் சட்டத்துக்கும் எண் இட்டுப் பிரித்து, அதே வரிசையில் பொருத்துவது வழக்கம் என்பதால், மூட்டுகளை உற்றுப் பாருங்கள்; சில வீடுகளில் அந்தக் குறிகள் இன்னும் தெரியும். மண் சுவர்களை அவ்வாறு பெயர்த்துவர இயலாது. அவை பெரும்பாலும் புதிதாக எழுப்பப்பட்டவையே. இதை நான் குறையாகக் கருதவில்லை.

பதில் 2: வீடுகளுக்கு மட்டுமெனில் அரை நாள் போதும். ஆனால் நெசவையும் மண்பாண்டம் வனைவதையும் நின்று பார்க்க விரும்பினால் முழு நாள் ஒதுக்குங்கள். கைவினைஞர்கள் எந்நேரமும் வேலையில் இருக்கமாட்டார்கள் என்பதால், செய்முறை நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டறிந்து அதற்கேற்ப நடையை அமைத்துக்கொள்வது நல்லது. நான் கேட்காமல் சென்று, ஆளில்லாத தறியைத்தான் பார்த்துவிட்டு வந்தேன்!

கேள்வி கேட்டவர்: நன்றி. முழு நாளாகவே திட்டமிடுகிறேன்.