காதுத் துளையில் சீழ்க்கட்டி: ஊசியால் குத்தி எடுக்கலாமா?

கேள்வி

நான்கு நாட்களாக வலது காதுத் துளையின் வாயிலேயே ஒரு கட்டி கிளம்பியிருக்கிறது. முதல் நாள் வெறும் அரிப்பாகத்தான் இருந்தது; பட்ஸ் விட்டுக் குடைந்தேன். இப்போது மிளகளவுக்குச் சிவந்து வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கிறது. மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி தாடை வரை இழுக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவே முடியவில்லை. நேற்று முதல் காது அடைத்தாற்போலவும் இருக்கிறது. நடுவில் மஞ்சளாக ஒரு முனை தெரிவதால் ஊசியால் குத்திவிடலாம் என்கிறார் அண்ணன். எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார் அம்மா. முன்பு பல்வலிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நான்கு மீதமிருக்கின்றன. எதைச் செய்வது?

மறுமொழி 1

காது மூக்கு தொண்டைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து ஊசியைத் தொடாதீர்கள், கட்டியைப் பிதுக்கவும் செய்யாதீர்கள்.

காதுக்குழாயின் வெளிப்பகுதியில் மட்டுமே மயிர்க்கால்கள் உண்டு. குடையும்போது ஏற்படும் கீறல் வழியாக, பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, அவற்றுக்குள் புகுந்து சீழ் வைக்கிறது. அவ்விடத்துத் தோல் குருத்தெலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் வீங்குவதற்கு இடமில்லை. மிளகளவுக் கட்டி இவ்வளவு வலிப்பது அதனால்தான். பிதுக்கினால் சீழ் வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே பரவி, குருத்தெலும்பைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கக்கூடும். குருத்தெலும்புக்குத் தனியே இரத்தக் குழாய்கள் கிடையாது, அந்த உறைதான் அதற்கு ஊட்டம் தருகிறது. அது கெட்டால் காது மடலின் வடிவமே சுருங்கிப்போகலாம்.

சுத்தமான துணியை மணிக்கட்டு தாங்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடங்கள் ஒத்தடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். காதுக்குள் தண்ணீரோ எண்ணெயோ போகக் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். மீதமிருக்கும் நான்கு மாத்திரைகளை விழுங்குவதால் நோய் முழுமையாகத் தீராது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காது அடைப்பு தொடங்கிவிட்டதால் நாளைக்கே காட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, மடல் முழுவதும் சிவந்தாலோ, காதின் பின்புறம் வீங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ நாளை வரை கூடக் காத்திருக்க வேண்டாம்.

மறுமொழி 2

மேலே செவிலியர் அம்மா சொல்வது முற்றிலும் உண்மை. எனக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை இப்படி வந்தது. ஒவ்வொரு முறையும் உடல் சூடு என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாவது முறை மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. உங்களுக்கு முன்பும் கட்டி வந்திருந்தால் சர்க்கரை அளவைக் கட்டாயம் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. மறுநாளே மருத்துவரிடம் சென்றேன். கட்டி இன்னும் முழுதாகப் பழுக்கவில்லை என்று சொல்லி, இக்தமால் கிளிசரினில் நனைத்த நாடா போன்ற காஸ் துணியைக் காதுக்குள் மெல்ல வைத்தார். தார் வாசனை அடிக்கும் கறுப்பு மருந்து அது. வைக்கும்போது உயிர் போனாலும், இரவுக்குள் தெறிப்பு பாதியாகக் குறைந்தது. மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் விடியற்காலையில் தலையணை உறையில் சிறு நாணயமளவுக்குச் சீழும் இரத்தமும் கலந்த கறை இருந்தது. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் வலி இல்லை என்பதே எனக்கு உறைத்தது. மாத்திரைகளை நடுவில் நிறுத்தாமல் முடிக்கச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது. வீட்டிலிருந்த பட்ஸ் டப்பாவை அம்மாவே எடுத்து எறிந்துவிட்டார்.