கலைச்சொல்: 'சிவில் சமூகம்' (திங்கள் காலைக்குள் வேணும்)

வந்தாறுமூலையிலிருந்து:
வணக்கம். முதலாம் ஆண்டு அரசறிவியல் பிள்ளைகளுக்கு 'உலக அரசியலில் சிவில் சமூகத்தின் வகிபாகம்' குறிப்பு எழுதுறன். திங்கள் போட்டோக்கொப்பிக்குப் போகுது. ஆங்கில 'civil society'க்குத் தமிழில சிவிலா, குடிமையா, குடிசாரா?

கல்லடியிலிருந்து:
தங்கச்சி, 'குடிமைச் சமூகம்'. குறளில 96ஆம் அதிகாரத்துக்கே குடிமை என்றுதான் பேர். இலத்தீன் 'சிவிஸ்' என்றாலும் குடியாள்தான். குடும்பத்துக்கும் அரசுக்கும் நடுவில இருக்கிறதுக்கு தத்துவஞானி ஹெகல் 1821இல் எழுதின ஜெர்மன் சொல்லில 'பியூர்கர்' நிக்குது. அதுக்குள்ள 'பூர்க்', கோட்டை நகர். நம்மட நகர், நாகரிகம் இரண்டையும் இதோட வைச்சுப் பார்த்தா... இரவைக்கு விரிவா எழுதுறன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
மாஸ்டர், 96இல் வாறது நல்ல குடியில பிறந்தவர் குணம். தங்கச்சி கேக்கிறது, பிறப்பைப் பாராமச் சேர்ந்து நிக்கிற ஆக்களை. மட்டக்களப்பில குடி என்றா தாய்வழி. எங்கட பள்ளிவாசலில குடிக்கொரு மரைக்காயர். உங்கட பக்கம் 'குடிமை' என்றா ஊழியத்துக்கு ஒதுக்கின சாதி. கரும்பலகையில அதை எழுதினா பின்வாங்குப் பிள்ளை என்ன நினைக்கும்? குடிசார் என்றா பொறியியலுக்குப் போயிரும்.

கல்லடியிலிருந்து:
அது வழக்கின் பிழை காக்கா, சொல்லின் பிழை இல்ல.

செங்கலடியிலிருந்து:
'சிவில்' மட்டும் என்ன சுத்தமா? "படலையடியில சிவிலில வந்து நிக்கிறாங்க" என்று அம்மா மெல்லச் சொல்ல, ஐயா சேட்டும் போடாம பின்வளவு வேலியால போனவர். எனக்கு அந்தச் சொல் அதுதான், சீருடையில்லாம வாற ஆக்கள். 'ஊர்ச் சமூகம்' என்றா என்ன?

அக்கரைப்பற்றிலிருந்து:
'உலகளாவிய ஊர்ச் சமூகம்'! ஜெனீவா பஸ் கல்முனையாலயா போகும்?

வந்தாறுமூலையிலிருந்து:
என்ட பாடத்தில உதாரணம் மிதிவெடித் தடை. 1992இல் ஆறு அமைப்புகள் தொடங்கின இயக்கம். படையில்ல, ஐ.நா.வில வாக்கில்ல. 1997இல் ஒட்டாவாவில 122 நாடுகள் தடை ஒப்பந்தத்தில ஒப்பம் வைச்சது. நோபல் பரிசும் அந்த வருசம். இலங்கை சேர்ந்தது 2017இல். பிள்ளைகளோ சிவில் சமூகம் என்றா 'என்ஜிஓ' (அரசசார்பற்ற நிறுவனம்) என்று எழுதுறாங்க. சுனாமிக்குப் பிறகு கண்டது பஜரோ ஜீப்பும் பெயர்ப்பலகையும்தானே. மரண உதவிச் சங்கமும் மீனவர் சங்கமும் இதுக்குள்ள வரும் என்று விளங்கப்படுத்தவே ஒரு மணித்தியாலம் போகும். அதுக்கு மேல புதுச்சொல்லையும் ஏத்த ஏலாது. பத்திரிகையில இருக்கிற 'சிவில் சமூகம்' என்றே போட்டு, போட்டோக்கொப்பிக்குக் குடுத்திட்டன்.

செங்கலடியிலிருந்து:
சரி. மனமில்லாத சரி.

கல்லடியிலிருந்து:
என் மறுப்பைப் பதிஞ்சு வைங்க. நகர், நாகரிகம் கடிதம் இரவைக்கு வரும்.