சிவில் எலெக்டிவ்: பாசனப் பேப்பர் எடுப்பது வீணா?

வெண்ணாறு:
"பாசன எலெக்டிவ்ல 8.64 ஃபார்முலாவை விட்டா ஒண்ணுமில்ல, ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் எடுங்க"ன்னு நேத்து ஒருத்தர் அஞ்சாவது செமஸ்டர் பசங்களுக்கு எழுதியிருக்கார். (எலெக்டிவ்னா நாமே தேர்ந்தெடுக்கிற பாடம். ப்ரீஸ்ட்ரெஸ்டுன்னா உள்ள கேபிளை இழுத்து முன்கூட்டியே அழுத்தம் ஏத்தின கான்கிரீட்.) காவிரி டெல்டாவுல உக்காந்துகிட்டு எழுதுற பேச்சா இது? டியூட்டி (ஒரு கியூமெக், அதாவது விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணி, பாயுற ஹெக்டேர்) = 8.64 × பேஸ் பீரியட் (தண்ணி விடுற நாள்) ÷ டெல்டா (பயிருக்கு மொத்தமா வேணுங்கிற தண்ணியோட ஆழம், மீட்டர்ல). நெல்லுக்கு 120 நாள், 1.2 மீட்டர் போட்டா ஒரு கியூமெக்குக்கு 864 ஹெக்டேர். அது வயல்ல. வர்ற வழியில 25 சதவீதம் கசிஞ்சா வாய்க்கால் தலைப்புல (தண்ணி நுழையிற இடம்) 648தான். 864ஐ வெச்சு வாய்க்கால் வெட்டினா கடைமடை காயும்.

கொள்ளிடக்கரை:
எழுதினது நான்தான். கேள்வியில இழப்பு கொடுக்கலைன்னா விடை 864. பாலம், ரயில்வே ஸ்லீப்பர் எல்லாம் ப்ரீஸ்ட்ரெஸ்டு. வேலை இருக்கிற பக்கத்தைச் சொன்னேன், அதுல என்ன தப்பு?

வெண்ணாறு:
ஜாக்கில இழுத்த விசை அப்படியே கேபிள்ல நிக்குதா? உராய்வு, ஆங்கர் (கேபிள் முனைப் பிடி) நழுவல், க்ரீப் (சுமையில கான்கிரீட் மெல்ல அமுங்கிறது), ஷ்ரிங்கேஜ் (கான்கிரீட் சுருங்கிறது), ரிலாக்சேஷன் (கேபிள் தளர்றது)னு ஒவ்வொண்ணாக் கழிப்பீங்க. அங்க இழப்பைக் கழிக்கிற ஆள் இங்க 864லயே நிக்கிறீங்களே!

குடமுருட்டி:
முதல்ல அந்த 120 நாளே தப்பு. குறுவைக்கு ஆடுதுறை 43 ரகம் போட்டா பயிரோட மொத்த வயசே 110 நாள்தான். பேஸ் பீரியட்னா முதல் தண்ணியிலேருந்து அறுப்புக்கு முந்தின கடைசித் தண்ணி வரைக்கும். அது இன்னும் குறையும்.

வெண்ணாறு:
குறுவைன்னு நான் எங்க சொன்னேன்? நெல்லுன்னேன். சம்பாவுக்கு சி.ஆர். 1009 ரகம் போட்டா 155 நாள் ஆகும். அதுக்கும் சண்டை போடுவீங்களா?

மன்னைத்தம்பி:
பசங்க கேட்டது எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு. அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன்ல வெர்டிகல் (எலெக்டிவ் பட்டியல்ல ஒரு துறைக்குன்னு இருக்கிற தொகுதி) மாத்தி எடுக்கலாம். ஆனா ஒரே செமஸ்டர்ல பட்டியலோட ஒரே கிடை வரிசையிலேருந்து ரெண்டு பேப்பர் எடுக்க முடியாது. ஒண்ணை அஞ்சுலயும் இன்னொண்ணை ஆறுலயும் வைக்கணும். இதைப் பாக்காம பதிஞ்சா திருப்பி அனுப்புவாங்க. என்பிடெல்ல (ஐஐடிகள் நடத்துற ஆன்லைன் பாடம்) எடுக்கிறதா இருந்தா 12 வாரப் பாடமாப் பாருங்க. அசைன்மென்ட்ல 25க்கு 10, தேர்வுல 75க்கு 30, ரெண்டும் தனித்தனியா வாங்கணும்.

கொள்ளிடக்கரை:
தன்னாட்சிக் கல்லூரியில இந்த வரிசை விதி இருக்கணும்னு இல்ல. எல்லாருக்கும் சேத்துச் சொல்லாதீங்க.

மன்னைத்தம்பி:
அண்ணா பல்கலைன்னு தெளிவாத்தானே எழுதியிருக்கேன். படிச்சிட்டுப் பேசுங்க.

வெண்ணாறு:
ஒரே ஃபார்முலான்னவர் கோஸ்லா முறையை (அணைக்கு அடியில கசியிற தண்ணியைக் கணக்குப் போடுறது) படிச்சாரா? மணல் மேல கதவணை, தளம் 40 மீட்டர், நீர்மட்ட வித்தியாசம் 4 மீட்டர். கீழ்ப்பக்க ஷீட் பைல் (மண்ணுக்குள்ள இறக்குற தடுப்புத் தகடு) 5 மீட்டர்னா எக்ஸிட் கிரேடியன்ட் (கசிவுத் தண்ணி வெளிய வர்ற இடத்துல இருக்கிற அழுத்தச் சரிவு) 1/8.4. அதையே 3 மீட்டராக் குறைச்சா 1/6.3. நுண்மணலுக்குப் பாதுகாப்பு 1/6லேருந்து 1/7 வரை. 2 மீட்டர் பைலை மிச்சம் பிடிச்சா விளிம்புல வந்து நிக்கும், அடியில மணல் அரிச்சா தளமே உக்காந்துடும். 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு கொள்ளிடம் அணையில 9 மதகு போன ஊர்க்காரங்க நாம. இந்தப் பேப்பரை ஏமாளி எடுக்கிறதுன்னு பேசலாமா? கேட் (GATE) தேர்வு சிலபஸ்லயும் டியூட்டி, டெல்டா, மணல்தள அணை எல்லாம் இருக்கு.

கொள்ளிடக்கரை:
ஏமாளின்னு நான் எழுதவே இல்ல. கேட்ல ப்ரீஸ்ட்ரெஸ்டு பீமும் இருக்கு. கேள்வியில இழப்பு இல்லைன்னா 864தான்.

குடமுருட்டி:
110 நாள் போட்டாலே 792.

வெண்ணாறு:
அந்த 792 வயல்லயா, தலைப்புலயா? அதைச் சொல்லுங்க முதல்ல.