பூமி வேகமாகச் சுழல்வதற்கு நிபிருதான் காரணமா?

வடதிசை:
2024 ஜூலை 5 அன்று ஒரு நாள், 24 மணி நேரத்தைவிட 1.66 மில்லிநொடி குறைவாக இருந்தது. பூமி மெதுவாகும்போது கடிகாரத்தில் கூட்டும் லீப் நொடியை 2016 முடிவுக்குப் பிறகு ஒருமுறைகூடச் சேர்க்கவில்லை. பூமி தானாகவா வேகமெடுக்கும்? வெளியிலிருந்து ஏதோ இழுக்கிறது. நிபிரு என்ற மறைந்திருக்கும் கோள் நம்மை நோக்கி வருகிறது என்பதைக் கேலி செய்கிறவர்கள் பதில் சொல்லுங்கள்.

ஆடிக்காற்று:
எண்கள் சரி, முடிவுதான் தவறு. தூரத்துக் கோள் ஒன்று நம் சுழற்சியை மாற்ற வேண்டுமென்றால் ஓத விசையால்தான் முடியும், அதாவது அருகிலுள்ள பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும் ஈர்ப்பு வேறுபாட்டால். தூரம் இரட்டித்தால் அந்த விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். வியாழனுக்குப் பூமியைப் போல 318 மடங்கு நிறை. நமக்கு மிக அருகில் வரும்போதும் அதன் ஓத விசை, சூரியனுடையதில் அறுபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்று, நிலாவின் ஓதம் பூமியை மெதுவாக்குகிறது. அதனால்தான் நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. நிபிரு இருந்தால் அதுவும் மெதுவாகத்தான் ஆக்கும்.

வடதிசை:
1846-ல் நெப்டியூனை எப்படிப் பிடித்தார்கள்? யுரேனஸின் பாதை பிசகியதை வைத்து வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டார், பெர்லினில் காலே தொலைநோக்கியில் பார்த்தார். 2016-ல் வானியலாளர்கள் பாட்டிகினும் பிரவுனும் ஒன்பதாவது கோள் இருக்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னால் அறிவியல், நாங்கள் சொன்னால் பைத்தியமா?

ஆடிக்காற்று:
பைத்தியம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் நெப்டியூன் கதை என் பக்கம்தான் பேசுகிறது. நிபிரு உள்ளே வந்திருந்தால் முதலில் செவ்வாயின் பாதை பிசகியிருக்கும். அங்கே சுற்றும் விண்கலங்களின் ரேடியோ சமிக்ஞையை வைத்து அதன் தூரத்தை மீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். பிசகு எதுவும் இல்லை. பாட்டிகின் சொல்லும் கோள், இருந்தாலும், பூமி-சூரியன் தூரத்தைப் போலப் பல நூறு மடங்கு அப்பால் இருக்கும். நம் பக்கம் வராது.

தாழம்பூ:
நிபிருவால் 2003 மே மாதம் பூமி சுழற்சியை நிறுத்தும் என்றார், இந்தக் கதையைப் பரப்பிய நான்சி லீடர். அப்புறம் உலகம் அழியும் என்று 2012 டிசம்பர் 21, 2017 செப்டம்பர் 23 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் பயந்தது பிள்ளைகள்தான். தற்கொலை எண்ணம் வருகிறது என்று சிறுவர்கள் எழுதியதாக நாசாவின் டேவிட் மாரிசன் சொல்லியிருக்கிறார். இதைப் பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

வடதிசை:
தேதி சொன்னவர்களை நானும் ஆதரிக்கவில்லை அம்மா. நான் கேட்டது வேகத்தைப் பற்றி. அதற்கு என்ன காரணம்?

ஆடிக்காற்று:
பூமிக்குள் இருக்கும் உருகிய வெளிக்கரு மெதுவாகும்போது மேலே உள்ள திடப்பகுதி வேகமெடுக்கிறது. பல ஆண்டுப் போக்குக்கு அதுவே பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். வடக்கில் கோடை வந்தால் காற்றோட்டம் தளர்ந்து, அந்த வேகம் பூமிக்குச் சேர்கிறது. நிலா நிலநடுக்கோட்டை விட்டு விலகும் நாட்களிலும் நாள் சற்றுக் குறுகும். மூன்றும் சேர்ந்தால் ஜூலையில் சாதனை.

வடதிசை:
அந்த உருகிய கருவையும் யாரும் நேரில் பார்த்ததில்லையே?

ஆடிக்காற்று:
நிலநடுக்க அலைகள் காட்டித் தந்தன. திரவத்துக்குள் போக முடியாத அலை ஒன்று உண்டு. பூமியின் ஒரு பக்கம் அதிர்ந்தால் மறுபக்கக் கருவிகளுக்கு அது நேராக வந்து சேர்வதில்லை. நிபிருவுக்கு இப்படி ஓர் அளவீடு காட்டுங்கள், பேசுவோம்.