இலை எடைக் கணக்கு: ஜேசன், யாமலில் இருந்து வருவதை டிக்ஷனரியாகவே வைத்துக்கொள்ளலாமா?

கோத்தகிரிக்காரன்:

வணக்கம். கோத்தகிரி பக்கம் நாலைந்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்புகிறோம். எடை போடும் ஷெட்டில் டிஜிட்டல் தராசு, கூடவே ஒரு மொபைல் ஆப். சாக்குக்கு ஒரு ஜேசன் (JSON, ஆப்கள் தரவு அனுப்பும் எழுத்து வடிவம்) பதிவு வரும்: விவசாயி எண், எடை, ஈரக் கழிவு (இலையின் ஈரத்துக்காகக் கழிக்கும் எடை), நேரம். விவசாயிகள் பட்டியலும் ஷெட் திறக்கும் நேரமும் தனியாக ஒரு யாமல் (YAML, மனிதர் எழுத எளிதான தரவு வடிவம்) கோப்பில், கையால் எழுதியது. இரண்டையும் பைத்தான் நிரலில் படித்து, கிடைக்கிற டிக்ஷனரியை (ஒவ்வொரு மதிப்பையும் கீ என்ற பெயரோடு வைக்கும் தொகுப்பை) அப்படியே கணக்கு முழுக்கக் கொண்டு போகிறேன்.

யாமலில் 0417 என்று இருக்கிற விவசாயி, பைத்தானுக்குள் 271 ஆகிவிடுகிறார். பக்கத்துத் தோட்டக்காரர் 0418, அவர் மட்டும் அப்படியே எழுத்தாக வருகிறார். ஷெட் நேரம் 10:30 என்பது 630 ஆகிறது, 09:30 ஒழுங்காக வருகிறது. ஜேசனில் ஈரக் கழிவு சில பதிவில் 0, சில பதிவில் நல் (null, மதிப்பு இல்லை என்ற குறி), சில பதிவில் அந்தக் கீயே இல்லை.

மாதக் கடைசியில் விவசாயிக்குக் காசு போவது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒவ்வொன்றுக்கும் கிளாஸ் (என்னென்ன விவரம் இருக்கும் என்று நாமே வரையறுக்கும் வகை) எழுத வேண்டுமா, டிக்ஷனரியே போதுமா?

குன்னூர் அக்கா:

தம்பி, முதலில் யாமல் சமாச்சாரம். பைத்தானில் யாமலைப் படிக்கும் பை-யாமல் (PyYAML) பின்பற்றுவது யாமல் 1.1 விதிகளை. அதில் பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண். 0417 என்றால் 4×64 + 1×8 + 7, அதாவது 271. எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது, அதனால் 0418 எண்ணாக மாறாமல் எழுத்தாகவே தப்பித்தது. நேரமும் அதே கதைதான்: 10:30 அறுபதடிமான எண்ணாக எடுக்கப்பட்டு 10×60 + 30 = 630 ஆனது. அந்த விதி பூஜ்யத்தில் தொடங்குவதைத் தொடாது, ஆகவே 09:30 பிழைத்தது. 2009-இல் வந்த யாமல் 1.2 இவற்றை மாற்றிவிட்டது. பை-யாமல் இன்னும் பழைய வழியில்தான் போகிறது.

மேற்கோள் குறி போட்டால் சரியாகிவிடும். ஆனால் கையால் எழுதுகிறவர் எல்லா வரியிலும் மறக்காமல் போடுவாரா? நான் இந்தக் கோப்பை டாமலுக்கு (TOML, யாமல் போல இன்னொரு வடிவம்) மாற்றுவேன். பைத்தான் 3.11-இலிருந்து அதைப் படிக்கக் கூடவே வசதி வருகிறது. மேற்கோள் இல்லாமல் 0417 எழுதினால் டாமல் படிக்க மறுத்து அங்கேயே நிற்கும், 10:30:00 என்று எழுதினால் பைத்தானின் நேர வகையாகவே கையில் கிடைக்கும். தமிழில் கீ வைத்தால் அதையும் மேற்கோளுக்குள் போடுங்கள்.

அடுத்து எடை. ஜேசன் படிக்கும்போது பார்ஸ் ஃப்ளோட் (parse_float) என்ற இடத்தில் டெசிமலை (Decimal, தசம எண்ணை அப்படியே வைக்கும் வகை) கொடுங்கள். 18.40 என்று தராசு அனுப்பினால் 18.40 ஆகவே நிற்கும். வழக்கமான புள்ளி எண் வகையான ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், காசு விஷயத்தில் அது வேண்டாம். புள்ளி இல்லாமல் 18 என்று வந்தால் அது இன்ட்டாகத்தான் (முழு எண்ணாகத்தான்) வரும், அதையும் டெசிமலாக மாற்றிக்கொள்ளுங்கள். பைசாவுக்கு முழுமையாக்குவதை சாக்குக்குச் சாக்கு செய்யாமல், ஒரு விவசாயியின் மாதத் தொகைக்கு ஒரே தடவை செய்யுங்கள்.

கிளாஸ் கேள்விக்கு என் பதில், ஆம், எழுதுங்கள். "சாக்கு" என்று ஒரு டேட்டாகிளாஸ் (விவரங்களை வைக்க மட்டுமான கிளாஸ்), ஃப்ரோசனாக, அதாவது உருவாக்கிய பிறகு மாற்ற முடியாதபடி. ஜேசனைத் தொடுவது ஒரே ஒரு ஃபங்ஷன். அதைத் தாண்டி உள்ளே டிக்ஷனரி போகக் கூடாது.

கூடலூர் கீபோர்டு:

இவ்வளவு சின்ன வேலைக்கு கிளாஸா? டைப்டு டிக்ட் (TypedDict, எந்தக் கீயில் என்ன வகை என்று குறித்த டிக்ஷனரி) போட்டால் எடிட்டரே தப்பைக் காட்டுமே.

குன்னூர் அக்கா:

எடிட்டர் உங்கள் நிரலைத்தான் பார்க்கும், ஷெட்டிலிருந்து வரும் பதிவைப் பார்க்காது. எடை "18.40" என்று எழுத்தாக வந்தாலும் டைப்டு டிக்ட் ஓடும் நேரத்தில் ஒன்றும் சொல்லாது.

கூடலூர் கீபோர்டு:

அது சரி. நான் அலுவலகத்தில் கோ (Go) என்ற நிரல் மொழியில் எழுதுகிறேன். அங்கே ஸ்ட்ரக்டில் (கிளாஸ் போன்றது) சாதாரண எண் ஃபீல்டு வைத்தால் கீ இல்லாததும், நல்லும், நிஜமான 0-வும் மூன்றும் 0 ஆகிவிடும். மதிப்புக்குப் பதில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டர் வைத்தால் 0 தனியாகத் தெரியும், மற்ற இரண்டும் அப்போதும் ஒன்றுதான். பைத்தானில் எப்படிப் பிரிப்பீர்கள்?

குன்னூர் அக்கா:

டிக்ஷனரியில் கெட் (get) போட்டு எடுத்தால் பைத்தானிலும் நல், கீ இல்லாதது இரண்டுக்கும் நன் (None, மதிப்பு இல்லை) தான் வரும். அதனால் கீ இருக்கிறதா என்று முதலில் தனியாகக் கேட்க வேண்டும். தம்பி, உங்கள் ஆப்பில் இந்த மூன்றுக்கும் என்ன அர்த்தம்?

கோத்தகிரிக்காரன்:

0 என்றால் பார்த்தாயிற்று, இலை காய்ந்துதான் இருக்கிறது. நல் என்றால் எடை மட்டும் போட்டாயிற்று, ஈரம் இன்னும் பார்க்கவில்லை. மழை நாளில் வரிசை நீளும்போது அப்படி விட்டுவிடுவார்கள். கீ இல்லை என்றால் அந்த ஷெட்டில் பழைய ஆப், அதில் கழிவு என்ற இடமே கிடையாது.

குன்னூர் அக்கா:

அப்படியானால் ஒரு ஈனம் (enum, குறிப்பிட்ட சில நிலைகளை மட்டும் ஏற்கும் வகை) வையுங்கள்: பார்த்தது, பார்க்கவில்லை, கேட்கவில்லை. கழிவு அளவு "பார்த்தது" என்ற நிலையில் மட்டும் இருக்கட்டும். மற்ற இரண்டையும் 0 என்று எடுத்துக் கூட்டிவிடாதீர்கள். தனிப் பட்டியலாக அச்செடுத்து அந்தந்த ஷெட்டுக்கு அனுப்பி, எடை போட்டவர் நிரப்பித் தந்த பிறகு தொகை போடுங்கள்.