ஃபிப்ஸ் 140-3: எக்ஸ்86-இல் தேறிய மாட்யூல் ஆர்மில் லோட் ஆகவில்லை

கேள்வி:
ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 3.1.2 பதிப்பில் உள்ள ஃபிப்ஸ் ப்ரொவைடர் (குறியாக்க மாட்யூல்களுக்கான அமெரிக்க அரசுத் தரமான ஃபிப்ஸுக்கு ஏற்ற மாட்யூல்) எங்கள் எக்ஸ்86 லினக்ஸில் ஒழுங்காக ஓடுகிறது. அங்கு உருவான ஃபிப்ஸ் கான்ஃபிக் கோப்பை ஆர்ம் பிராசஸரில் ஓடும் லினக்ஸுக்கு நகலெடுத்தோம்; மாட்யூல் லோட் ஆகவில்லை. ஃபிப்ஸ் சான்றிதழில் ஆர்மைச் சேர்க்க முழுச் சோதனையையும் திரும்பச் செய்யணுமா?

பதில் 1:
அந்தக் கோப்பை நகலெடுக்கவே கூடாது. உள்ளே இருப்பது குறிப்பிட்ட பைனரியின் ஹெச்மேக்-ஷா256 மதிப்பு (பைனரி மாறவில்லை என்று சரிபார்க்கும் கைரேகை போன்றது). ஆர்ம் பைனரி வேறு என்பதால் மதிப்பு பொருந்தாது. ஒவ்வொரு கணினியிலும் ஃபிப்ஸ்இன்ஸ்டால் கட்டளையைத் தனியாக ஓட்டுங்கள். மாட்யூல் தன்னையே சோதிக்கும் செல்ஃப் டெஸ்டும் அங்கேயே நடந்துவிடும். ஆர்பிஎம் (லினக்ஸ் நிறுவல் பொதி) கட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு கண்ணி உண்டு: மதிப்பைக் கணக்கிட்ட பிறகு ஸ்ட்ரிப் (பைனரியிலிருந்து டீபக் தகவலை நீக்குவது) நடந்தால் பைனரி மாறிவிடும், இன்டெக்ரிட்டி சோதனை தோற்கும். ஸ்ட்ரிப் முடிந்த பிறகே கணக்கிடுங்கள்.

பதில் 2:
சான்றிதழ் விஷயம். முதலில் சான்றிதழோடு வெளியாகும் செக்யூரிட்டி பாலிசி ஆவணத்தில் சோதித்த சூழல்களின் அட்டவணையைப் பாருங்கள். ஓஎஸ், பிராசஸர், வன்பொருள் முடுக்கம் உண்டா இல்லையா என எல்லாம் சேர்ந்ததே ஒரு சூழல். ஏஇஎஸ்-என்ஐ (எக்ஸ்86 பிராசஸரில் ஏஇஎஸ் குறியாக்கத்தை வேகப்படுத்தும் கட்டளைகள்) இருந்தால் ஓடும் அசெம்பிளி வேறு, இல்லாவிட்டால் வேறு. அதனால் ஏசிவிபி வெக்டர்களை (அல்காரிதம் சரியா என்று பார்க்கும் சோதனைத் தரவு) இரண்டு வழியிலும் ஓட்ட வேண்டும். ஆர்மில் ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் ஆர்ம்கேப் சூழல் மாறியை 0 ஆக்கினால் முடுக்கம் அணையும். சோர்ஸைத் தொடாமல் போர்ட் செய்தால் விற்பனையாளர் உறுதிமொழி வழி (புதுச் சூழலிலும் சரியாக ஓடும் என்று விற்பனையாளரே சொல்வது) இருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத சூழலுக்கு சான்றிதழ் தரும் திட்டமான சிஎம்விபி எந்த உத்தரவாதமும் தராது. அரசு டெண்டர் என்றால் ஆர்மையும் சோதிக்க ஆய்வகத்திடம் போவதே நல்லது.

பதில் 3:
பழைய 140-2 சான்றிதழை நம்பித் திட்டமிடாதீர்கள். 2026 செப்டம்பர் 21-க்குப் பிறகு அவை நடப்புப் பட்டியலிலிருந்து பழைய (ஹிஸ்டாரிக்கல்) பட்டியலுக்குப் போய்விடும்.